22 கோப்பை, ஒரு வழக்கு: ஒரு கோச்சின் பேலன்ஸ் ஷீட்

டிஸ்கி: எனக்குக் கால்பந்து முழுசாகத் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று மூன்று பேர் விளக்கியும் இன்னும் பிடிபடவில்லை :-) இது விளையாட்டைப் பற்றிய பதிவு என்பதைவிட, ஒரு மனிதரின் கணக்கை எப்படிப் படிப்பது என்பது பற்றிய பதிவு. கணக்கு மட்டும் கொஞ்சம் வரும். பி.காம் ஆச்சே!

போன மாதம் எங்கள் வகுப்பில் செமினார். தலைப்பு: தலைமைப் பண்பு. ஆளுக்கு ஒரு தலைவரை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பேச வேண்டும். அப்துல் கலாம் ஏழு பேர், தோனி ஐந்து பேர், அம்பானி நான்கு பேர். யாரும் தொடாத ஆளாகப் பிடிப்போம் என்று தேடியபோது ஒருவர் கிடைத்தார். அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் வேறு யாரும் நெருங்க முடியாத அளவு ஜெயித்த கோச். பிறந்த ஊர் என்று பார்த்தால், பம்பாய்! உடனே முடிவு செய்துவிட்டேன், இவர்தான் நம்ம ஆள் என்று.

பெயர் ஆன்சன் டாரன்ஸ். 1951ல் பம்பாயில் பிறந்தவர். அப்பாவுக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. அதனால் எத்தியோப்பியா, கென்யா, சிங்கப்பூர், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து என்று ஊர் ஊராகச் சுற்றி வளர்ந்தார். பிறகு அமெரிக்காவில் சேப்பல் ஹில் என்ற ஊரில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கால்பந்து ஆடி, அங்கேயே கோச் ஆகி, 2024 ஆகஸ்ட்டில் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

செமினார் அமர்க்களமாகப் போனது. ஒன்பதரை நிமிடம் கோப்பைகளைப் பற்றிப் பேசினேன். கடைசியில் ஒரு தோழி எழுந்து, "அவர் மேல ஒரு கேஸ் இருந்துச்சே, அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேடி?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சின்ன விஷயம், அவர் சாதனைக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல" என்றேன். கைதட்டல். மார்க்கும் வந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது தப்பு. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. இந்தப் பதிவு அந்தத் திருத்தம்.

முதலில் வரவுப் பக்கம்

1976ல், இருபத்தைந்து வயதில், டாரன்ஸை அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கால்பந்துக் கோச்சாக எடுத்தார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் அதைப் பாதியில் விட்டார். (எங்கள் வீட்டில் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.) அப்போது மாணவிகள் தாங்களாகவே சேர்ந்து ஒரு கால்பந்து கிளப் நடத்திக்கொண்டிருந்தார்கள். எங்களையும் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி ஆக்குங்கள் என்று கேட்டார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் பில் கோபி, போய்ப் பார்த்துச் சொல் என்று டாரன்ஸை அனுப்பினார். அதில் முடிந்தது, 1979ல் பெண்கள் அணியும் அவர் தலையில் வந்து விழுந்தது. 1988 வரை இரண்டு அணிகளையும் ஒரே ஆளாக ஓட்டியிருக்கிறார்.

பல்கலைக்கழகம் ஏன் திடீரென்று மாணவிகள் சொல்வதைக் கேட்டது? சும்மா இல்லை, பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1972ல் அமெரிக்காவில் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது. விளையாட்டும் அதில் அடக்கம். அந்த ஊர் ஃபுட்பால் (கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) அணிக்கு மட்டும் பெரிய பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் 85 உதவித்தொகை வரை கொடுத்துவந்தன. அதற்கு ஈடாகப் பெண்கள் பக்கம் ஏதாவது காட்ட வேண்டும். பெண்கள் கால்பந்து அணிக்கு நிறையப் பேர் வேண்டும், செலவு குறைவு. அப்படித்தான் அந்த ஆட்டம் கல்லூரிகளில் பரவியது. சட்டம் ஒரு சந்தையை உருவாக்கியது, டாரன்ஸ் அதில் முதல் ஆளாகக் கடை திறந்தார்.

கடை எப்படி ஓடியது? 1981ல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற பெண்கள் விளையாட்டு அமைப்பு நடத்திய தேசியப் போட்டியில் முதல் பட்டம். அடுத்த வருடமே என்.சி.ஏ.ஏ. அமைப்பு பெண்களுக்கும் போட்டி நடத்த ஆரம்பித்தது. 1982, 83, 84 மூன்றும் இவர்களுக்கே. 1985 இறுதிப் போட்டியில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திடம் தோல்வி. அதற்குப் பிறகு 1986 முதல் 1994 வரை வரிசையாக ஒன்பது பட்டம். பின்னர் 1996, 1997, 1999, 2000, 2003, 2006, 2008, 2009, 2012. மொத்தம் என்.சி.ஏ.ஏ. பட்டம் 21, பழையதையும் சேர்த்தால் 22.

1986லிருந்து 1990 வரை 103 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. அடுத்து தொடர்ச்சியாக 92 வெற்றி, 1994ல் நோட்டர் டேம் அணி கோலே விழாத ஒரு டிராவில் அதை நிறுத்தியது. 45 சீசன்களில் 934 வெற்றி, 88 தோல்வி, 53 டிரா. அதாவது நூறு ஆட்டம் ஆடினால் ஏறக்குறைய 87 வெற்றி, ஒரு சீசனுக்கு இரண்டு தோல்வி கூட இல்லை. கூடைப்பந்தில் மைக்கேல் ஜோர்டான் ஆடிய பல்கலைக்கழகம் இது. அந்த அணியின் புகழ்பெற்ற கோச் டீன் ஸ்மித்தே, இது பெண்கள் கால்பந்துப் பல்கலைக்கழகம், நாங்கள் அவர்களுக்கு ஈடுகொடுக்கத்தான் பார்க்கிறோம் என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

போதாததற்கு 1986 முதல் 1994 வரை அமெரிக்கப் பெண்கள் தேசிய அணிக்கும் இவர்தான் கோச். 1991ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்தார். குவாங்சோவில் நடந்த இறுதிப் போட்டியில் நார்வேக்கு எதிராக 2-1, இரண்டு கோலும் மிஷெல் ஏக்கர்ஸ் அடித்தது. ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தப் போட்டிக்கு உலகக் கோப்பை என்று பெயர் வைக்கக்கூட ஃபிஃபாவுக்கு அப்போது மனசு வரவில்லை. ஒரு மிட்டாய்க் கம்பெனி பெயரில் கோப்பை. ஆட்டமும் 90 நிமிடம் இல்லை, 80 நிமிடம்தான். பெண்களால் அவ்வளவு நேரம் ஓட முடியாது என்று நினைத்தார்களோ என்னவோ!

"போட்டியே இல்லாத காலத்துல ஜெயிச்சா பெரிய விஷயமா?"

செமினாரில் ஒரு பையன் கேட்டது இது. நியாயமான கேள்வி. 1982 போட்டியில் கலந்துகொண்டது மொத்தமே 12 அணிகள்தான். 2001லிருந்து 64. இன்று என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் மட்டும் 300க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. ஊரில் ஒரே ஒரு மளிகைக்கடை இருந்தால் அண்ணாச்சி கல்லா நிரம்பத்தான் செய்யும்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 1982 முதல் 2000 வரை 19 போட்டிகளில் 16 பட்டம். 2001 முதல் 2023 வரை 23 போட்டிகளில் 5 பட்டம். 2012க்குப் பிறகு அவர் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2018, 2019, 2022 மூன்று இறுதிப் போட்டியிலும் தோல்வி. 2022ல் இரண்டு கோல் முன்னிலை. முடிய 16 விநாடி இருக்கும்போது யு.சி.எல்.ஏ. அணி சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்தது. பார்த்தவர்கள் எப்படித் தாங்கினார்களோ.

ஆனால் இந்தச் சரிவைத் தோல்வியாக நான் பார்க்கவில்லை. மார்க்கெட் ஷேர் குறைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கடை கெட்டுப்போகலாம், அல்லது மார்க்கெட் பெரிதாகலாம். இங்கே நடந்தது பெரும்பாலும் இரண்டாவது. அதைப் பெரிதாக்கியதில் அவர் வளர்த்த ஆட்களுக்கும் பங்கு உண்டு. மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி, கார்லா ஓவர்பெக் எல்லோரும் அவர் அணியில் ஆடியவர்கள். 1999ல் அமெரிக்கா உலகக் கோப்பை ஜெயித்து ஊரே கொண்டாடியபோது களத்தில் இருந்தவர்கள். அதைப் பார்த்து எத்தனை சிறுமிகள் பந்தை எடுத்திருப்பார்கள்! ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் 1991 அணியின் கேப்டன், பிறகு 2000ல் தேசிய அணியின் முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர். இங்கிலாந்தின் லூசி பிரான்ஸும் அலெசியா ரூஸோவும்கூட சேப்பல் ஹில்லில் ஆடிவிட்டுப் போனவர்கள்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சிண்டி பார்லோ கதை. 1995 அரையிறுதி, சொந்த ஊர் மைதானம். முதலாம் ஆண்டு மாணவி, தலையால் முட்டிய பந்து சேம் சைட் கோல் ஆகிவிட்டது. நோட்டர் டேம் 1-0 என்று ஜெயித்தது. ஒன்பது வருடத் தொடர் அன்றோடு முடிந்தது. நானாக இருந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அவர் ஓடவில்லை. அடுத்த இரண்டு வருடமும் பட்டம் வென்றார், உலகக் கோப்பை வென்றார். 2020ல் சிண்டி பார்லோ கோன் என்ற பெயரில் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ஆனார். ஆண்கள் தேசிய அணிக்கும் பெண்கள் தேசிய அணிக்கும் சம ஊதியம் என்ற ஒப்பந்தம் 2022ல் கையெழுத்தானது அவர் தலைமையில்தான்.

நோட்டீஸ் போர்டு

இவ்வளவும் எப்படிச் சாத்தியம்? இங்கேதான் காமர்ஸ்காரிக்கு ஆர்வம் வந்தது.

டீன் ஸ்மித் தன் கூடைப்பந்துப் பயிற்சியில் ஒவ்வொரு வீரரும் செய்வதை எல்லாம் எழுதிவைக்கச் செய்வாராம். டாரன்ஸ் அதைப் பார்த்துவிட்டு வந்து தன் அணியில் இன்னும் பெரிதாகச் செய்தார். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒருவருக்கொருவர் மோதும் ஆட்டம், ஓட்டம், தலையால் முட்டுவது, கோல் அடிப்பது என்று எதையும் விடுவதில்லை. உதவியாளர்கள் ஓரத்தில் நின்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு முதலிடம் முதல் கடைசி இடம் வரை பெயரோடு பட்டியல் போட்டு ஒட்டிவிடுவார்கள். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'போட்டிக் கொப்பரை' என்ற பொருள் தருவது. அடுப்பில் கொதிக்கிற கொப்பரை.

ரேங்க் லிஸ்ட் ஒட்டுவதில் என்ன புதுமை, நம் பள்ளிக்கூடத்தில் ஒட்டாததா என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் பள்ளியில் மார்க்குக்கு ரேங்க் உண்டு. விளையாட்டில் பையன்களுக்கு ஸ்கோர் உண்டு, டீம் உண்டு, தோற்றால் திட்டு உண்டு. எங்களுக்கு? பி.டி. பீரியடில் ஒரு த்ரோபாலைத் தூக்கிப் போட்டு, "பொம்பளப் புள்ளைங்க அந்தப் பக்கம் போய் விளையாடுங்கம்மா" என்பார் சார். யாரும் ஸ்கோர் எழுதமாட்டார்கள். யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் நன்றாக எறிவேன் என்பது எனக்கும் என் தோழிகளுக்கும் மட்டும்தான் தெரியும். பிளஸ் ஒன் வந்ததும் அந்த பீரியடையும் கணக்கு சார் கடன் வாங்கிவிட்டார், திருப்பித் தரவே இல்லை.

மதிப்பில்லாத பொருளைத்தான் யாரும் கணக்கில் எழுதமாட்டார்கள். அந்த நோட்டீஸ் போர்டு மாணவிகளிடம் சொன்னது இதுதான்: நீ செய்வது எழுதி வைக்கத் தகுந்தது. தோழியையே முந்த நினைப்பது பெண்ணுக்கு அழகில்லை என்று எல்லா ஊரிலும் சொல்லித்தானே வளர்க்கிறார்கள்? மைதானத்தில் முட்டி மோது, வெளியே தோழியாக இரு, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று அந்தப் போர்டு அனுமதி கொடுத்தது. 22 கோப்பையைவிட இந்த ஒரு விஷயம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இந்த இடத்தில் அவருக்கு ஒரு பெரிய நன்றி.

மியா ஹாம் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு நாள் காலையில் டாரன்ஸ் காரில் போகும்போது, யாருமே இல்லாத மைதானத்தில் ஒரு பெண் தனியாக ஓடி ஓடிப் பயிற்சி செய்து, குனிந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தாராம். அது மியா. யாரும் பார்க்காதபோது உழைப்பவளே சாம்பியன் என்ற கருத்தில் ஒரு குறிப்பு எழுதி அவருக்கு அனுப்பினார். அந்த வரி உலகம் முழுக்க ஜிம் சுவர்களில் தொங்குகிறது. டாரன்ஸ் பற்றி டிம் க்ரோதர்ஸ் 2006ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பும் 'பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்' என்ற பொருள் தரும். செமினாரில் இந்த இடத்தில்தான் எனக்குப் பயங்கரக் கைதட்டல்.

ஆனால் அவரை யார் பார்த்தார்கள்?

இனி பற்றுப் பக்கம்

1998 ஆகஸ்ட். இரண்டு முன்னாள் வீராங்கனைகள் டாரன்ஸ் மேலும் பல்கலைக்கழகம் மேலும் வழக்குப் போட்டார்கள். ஒருவர் அணியின் நட்சத்திரம். இன்னொருவர் அணியிலிருந்து நீக்கப்பட்ட கோல்கீப்பர். குற்றச்சாட்டு பாலியல் துன்புறுத்தல். பயிற்சி நேரத்தில் மாணவிகளின் அந்தரங்க வாழ்க்கை பற்றிப் பேச்சு ஓடும், கோச் அதில் கலந்துகொள்வார், கேள்வி கேட்பார் என்பது சாரம். துன்புறுத்தல் எதுவும் இல்லை என்று அவர் மறுத்தார். கேலிப் பேச்சில் கலந்துகொண்டதை மட்டும் ஒப்புக்கொண்டார். பழைய மாணவிகள் பலர் அவருக்கு ஆதரவாக நின்றார்கள்.

வழக்கு ஏறக்குறைய பத்து வருடம் ஓடியது. நட்சத்திர வீராங்கனையின் வழக்கு 2004ல் சமரசத்தில் முடிந்தது. அப்படிப்பட்ட பேச்சு முறையல்ல என்று டாரன்ஸ் மன்னிப்புக் கடிதம் எழுதினார். கோல்கீப்பரின் வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2006ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. 2007ல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாக உட்கார்ந்து, இது ஜூரி கேட்க வேண்டிய வழக்குதான் என்று மாற்றிச் சொன்னது. ஜூரி முன் போவதற்குள், 2008 ஜனவரியில் பல்கலைக்கழகம் 3,85,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. பாலியல் துன்புறுத்தல் தொடர்பான தன் விதிகளை வெளியாட்களை வைத்து மறுபரிசீலனை செய்யவும் ஒப்புக்கொண்டது. ஆக, குற்றம் நிரூபிக்கப்படவில்லை. குற்றமற்றவர் என்று எந்த ஜூரியும் சொல்லவும் இல்லை.

அவர் வேலையில் தொடர்ந்தார். அந்த வருடமே பட்டம், அடுத்த வருடமும் பட்டம். 2019ல் புது மைதானம் திறந்து அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

"ஜாலியாப் பேசினதுக்குக் கேஸா?" என்று செமினார் முடிந்ததும் ஒருத்தன் கேட்டான். நானும் அப்போது தலையாட்டினேன். இரவில் ஞாபகம் வந்தது எங்கள் பள்ளி விளையாட்டு விழா. ஓட்டப்பந்தயத்துக்கு நின்றுகொண்டிருந்தோம். அங்கே பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர், ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த வருடம் அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

சிரித்தோம் என்பதால் அது ஜோக் ஆகிவிடாது. யார் ஓடுவது, யார் உட்காருவது என்று முடிவு செய்கிற ஆள் அடிக்கும் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்க நமக்கு வசதி கிடையாது. சேப்பல் ஹில்லில் இது இன்னும் கூடுதல். உதவித்தொகை அவர் கையில். யார் களத்தில் இறங்குவது அவர் கையில். அந்தக் காலத்தில் தேசிய அணியில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்! பதினெட்டு வயதுப் பெண், எதிரில் அத்தனை கோப்பை வென்றவர். அந்த இடத்தில் "ஏன் சார் இப்படிப் பேசுறீங்க?" என்று யார் கேட்பார்கள்? எல்லாவற்றையும் அளந்து ஒட்டிய அந்த நோட்டீஸ் போர்டில், மாணவிகள் கோச்சுக்கு ரேங்க் போட ஒரு கட்டம் இல்லை.

2022ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக் பற்றி சாலி யேட்ஸ் என்ற வழக்கறிஞர் ஒரு விசாரணை அறிக்கை கொடுத்தார். அது டாரன்ஸ் பற்றியது அல்ல. ஆனால் அதில் வரும் ஒரு விஷயம் இங்கேயும் பொருந்தும். கோச் வாய்க்கு வந்தபடி பேசுவதும், கோச்சுக்கும் வீராங்கனைக்கும் நடுவே இருக்க வேண்டிய கோடு அழிவதும் சிறுவயது ஆட்டத்திலேயே சகஜமாகிவிடுகிறது என்றது அந்த அறிக்கை. சகஜமான பிறகு யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை.

கழிக்கக் கூடாத கணக்கு

இப்போது என் தப்புக்கு வருகிறேன். "சாதனைக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல" என்று சொன்னேனே, அதில் நான் செய்தது என்ன? சொத்திலிருந்து கடனைக் கழித்து, மிச்சத்தை மட்டும் காட்டினேன். அக்கவுண்டன்சியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்த பாடம்: பேலன்ஸ் ஷீட்டில் அப்படி உன் இஷ்டத்துக்குக் கழிக்கக் கூடாது. சொத்தைச் சொத்துப் பக்கம் முழுசாகக் காட்டு. பொறுப்பைப் பொறுப்புப் பக்கம் முழுசாகக் காட்டு. நிலுவையில் வழக்கு இருந்தால் அதைக் கண்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று குறிப்பில் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனி எவ்வளவு லாபம் சம்பாதித்தாலும் சரி. படிக்கிறவர் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

அதே விதி எதிர்ப் பக்கமும் செல்லும். வழக்கைச் சொல்லி, அந்த 45 வருடத்தையும் குப்பையில் போடு என்றாலும் கழித்தல்தான். அந்தப் பெண்கள் ஓடிய ஓட்டம் அவருடையது மட்டும் இல்லையே, அவர்களுடையதும்தானே! மியா ஹாம் வியர்வையை டாரன்ஸ் கணக்கிலிருந்து நாம் எப்படித் தள்ளுபடி செய்வது?

இன்னொரு பாடமும் ஞாபகம் வருகிறது: கூட்டாளி விலகல். கடையிலிருந்து ஒரு கூட்டாளி விலகும்போது குட்வில்லை மதிப்பிட வேண்டும். அவர் இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. அவர் போன பிறகும் வாடிக்கையாளர் வந்தால்தான் குட்வில் இருந்தது என்று அர்த்தம். 2024 ஆகஸ்ட்டில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது டாரன்ஸ் விலகினார். அவருடைய உதவியாளர் டேமன் நஹாஸ் தற்காலிகப் பொறுப்பேற்றார். அந்த டிசம்பரில் இறுதிப் போட்டியில் வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என்று வென்று பட்டம் வாங்கினார்கள். 2012க்குப் பிறகு முதல் பட்டம், அவர் இல்லாத முதல் வருடத்தில்! இதற்கு மேல் குட்வில்லுக்குச் சாட்சி வேண்டாம்.

அதே சமயம் அது இன்னொன்றையும் சொல்கிறது. ஜெயிக்கிற முறை அந்த அணியின் கையில் இருந்தது, அந்த ஒரு மனிதர் கையில் மட்டும் இல்லை. அப்படியென்றால், "அவரைக் கேள்வி கேட்டால் எல்லாம் போய்விடும்" என்று யாராவது அன்று பயந்திருந்தால், அந்தப் பயம் பொய். ஒரு மாணவி தைரியமாகப் புகார் சொல்ல ஒரு தனி ஆளை, கோச்சுக்குக் கீழே இல்லாத ஒரு ஆளை, முதலிலேயே வைத்திருந்தால் கோப்பை ஒன்றும் குறைந்திருக்காது. எந்தக் கம்பெனியும் தன் முதலாளியையே ஆடிட்டராக வைப்பதில்லை. ரொம்ப நல்ல முதலாளி, நிறைய லாபம் என்பதற்காக ஆடிட் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. லாபம் அதிகம் வரும் இடத்தில்தான் ஆடிட்டர் இன்னும் கவனமாகப் பார்ப்பார்.

என் கருத்து இதுதான் மக்களே. பெண்கள் விளையாட்டுக்கு இரண்டும் வேண்டும். எங்கள் ஸ்கோரை எழுதும் ஒரு போர்டு வேண்டும், அதை எழுதுகிறவரைப் பார்க்க இன்னொரு கண்ணும் வேண்டும். முதலாவதை டாரன்ஸ் யாரும் கொடுக்காத அளவுக்குக் கொடுத்தார். இரண்டாவதை அவர் மட்டுமல்ல, அந்தப் பல்கலைக்கழகமும் வைக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் பல இடத்தில் முதலாவதே இல்லை என்பது தனிச் சோகம்.

கேள்வி கேட்ட தோழியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லடி, ட்ரீட் குடு" என்றாள். கேன்டீனில் இரண்டு பப்ஸ், இரண்டு டீ. செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பி.கு.: விளையாட்டு விழாவில் சிரித்த அந்தப் பெண்ணின் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தப் பதிவைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிடப் போகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஏன் ஓடுவதை நிறுத்தினாய் என்று மட்டும் கேட்கலாம் என்று இருக்கிறேன். நாலு வருடம் லேட்டுதான், இருந்தாலும்.